கைக்கெட்டும் தூரம்

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய வேல்ராஜ், முகம்கூடக் கழுவாமல் வாசல்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெற்ற மகளை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்துகொண்டிருந்தான். மடியில் கிளிப் அட்டை, அதில் ஒரு வெள்ளைத்தாள், காதில் செருகிய பென்சில். தாளில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறையை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருந்தான். கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்டு, அரிசி டிரம், கேஸ் அடுப்பு வைத்த மேடை எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கனி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பக்கவாட்டில் கால் வைத்து கட்டிலின் தலைமாட்டுக்குப் போனாள். அங்கிருந்து ஒரு கையை எட்டிப் பீரோவைத் தொட்டாள். பீரோ கைக்கு உறுதியாகக் கிடைத்த பிறகுதான் கட்டிலை விட்டாள். வேல்ராஜ் கட்டிலிலிருந்து பீரோவுக்கு ஒரு கோடு இழுத்தான்.

கனிக்குப் பதினெட்டு மாதம் முடிய நாலே நாள் இருந்தது. செல்லக்கனி என்று வேல்ராஜின் அம்மா பெயரை வைத்ததில் அவன் மனைவி சுகப்பிரியாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. 'ஷ' வருகிற மாதிரி ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள் அவள். அது போகட்டும். பெயர் எதுவானாலும் பிள்ளை நடக்க வேண்டுமே. தவழ்ந்தது எட்டு மாதத்தில், பிடித்து நின்றது பத்தில். அதோடு சரி. அதற்குப் பிறகு எட்டு மாதமாகப் பிடித்துப் பிடித்தே போய்க்கொண்டிருக்கிறாள். வரிசை வீட்டில் நாலாவது அறையில் இருக்கும் பிள்ளை இவளுக்கு இரண்டு மாதம் இளையவன். அவன் ஓடிப்போய்க் கோழியைத் துரத்துகிறான். அந்தக் கோழியைப் பார்த்தாலே சுகப்பிரியாவுக்கு எரிச்சல் வந்தது.

வேல்ராஜின் வேலை என்னவென்றால், மனிதர்களின் நடையைக் குறைப்பது. கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் அதற்குத்தான் சம்பளம். கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி அது. லைனில் வேலை செய்கிற பெண்ணுக்குப் பின்னால் வாட்சோடு நின்று, அவள் கிளிப் எடுக்க எத்தனை எட்டு நடக்கிறாள், டேப் எடுக்க எத்தனை எட்டு நடக்கிறாள் என்று எண்ணி, ஒவ்வொரு நடைக்கும் தாளில் ஒரு கோடு இழுப்பான். ஷிப்ட் முடியும்போது தாள் முழுக்கச் சிக்கலாகக் கோடு நிறைந்திருக்கும். "வேலண்ணன் இடியாப்பம் பிழிய வந்துட்டாரு" என்று லைன் பெண்கள் கேலி செய்வார்கள். பிறகு அவன் மேனேஜர் இராமச்சந்திரனோடு உட்கார்ந்து, எல்லாச் சாமானையும் அந்தப் பெண்ணின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து வைப்பான். நடை என்பது வீண் என்பது இராமச்சந்திரன் சாரின் கட்சி. நடந்ததற்காக யாரும் கார் வாங்குவதில்லை என்பார். போன வருஷம் ஒரே இடத்தில் பதினாலு எட்டைக் குறைத்ததற்காக வேல்ராஜுக்கு மேடையில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அந்த இடத்துப் பெண் மட்டும், "அந்தப் பதினாலு எட்டு நடக்கறப்பதான்ணே கால் மரத்துப்போகாம இருந்துச்சு" என்றாள். அதை அவன் அப்போது காதில் வாங்கவில்லை.

கடிகாரத்தை மாட்டிய கையோடு வீட்டையும் ஒரு கை பார்த்தான். வடக்குப்பட்டில் வீட்டுக்காரி செல்லம்மாள் கட்டி வாடகைக்கு விட்ட, சிமெண்ட் ஷீட் போட்ட ஐந்து அறைகளில் அவர்களுடையது மூன்றாவது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அவன் செய்த ஒழுங்கு இருக்கிறதே, சுகப்பிரியா அடுப்பு முன்னால் நின்ற இடத்திலிருந்தே அரிசி டிரம்மையும் தண்ணீர்க் குடத்தையும் உப்பு ஜாடியையும் தொடலாம். கட்டிலில் உட்கார்ந்தபடியே பீரோவைத் திறக்கலாம், டிவியைத் திருகலாம். ஊரிலிருந்து வந்த அவன் மாமியார் பார்த்துவிட்டு, "ரயிலு பெட்டி மாதிரில்லா இருக்கு" என்றாள். வேல்ராஜ் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான். பிறகு குன்றத்தூர் மலையடிவாரத்துக் கடையில் ஆசை ஆசையாக ஒரு நடைவண்டி வாங்கி வந்தார்கள். கனி அதைத் தள்ளினாள். ஒரு முழம் போய்க் கட்டில் காலில் முட்டியது. திருப்பிவிட்டார்கள், டிரம்மில் முட்டியது. இப்போது அது பீரோ மேல் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். தனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வரும், இருந்தாலும் பதினெட்டு மாதமாகப் போகிறது, எதற்கும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டிவிடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை போக வேண்டும். அந்த 'எதற்கும்' என்ற சொல் இருவரையும் ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. வேல்ராஜின் அண்ணன் தளவாய்க்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போனது. இன்றைக்கும் கோவில்பட்டியில் முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடக்கிறான். கனிக்குச் சொட்டு மருந்து ஒரு தவணை விடாமல் போட்டாகிவிட்டது. அது புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. கனியைக் குளிப்பாட்டும்போது வேல்ராஜ் விரலை வளைத்து இடது கெண்டைக்காலையும் வலது கெண்டைக்காலையும் அளந்து பார்ப்பான். சுகப்பிரியா பார்க்காத நேரமாகத்தான் செய்வான். இந்த எட்டு மாதத்தில் தளவாயின் பெயரை இருவருமே வீட்டுக்குள் எடுக்கவில்லை.

டாக்டர் கேட்டால் சொல்ல ஒரு கணக்கு வேண்டும் என்றுதான் இன்றைக்கு வாட்சோடு உட்கார்ந்தான். பிள்ளை எவ்வளவு நேரம் நிற்கிறாள், எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போகலாம். முக்கால் மணி நேரத்தில் தாள் முழுக்க இடியாப்பம் ஆகிவிட்டது. கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்டு, டிரம், மேடை, மறுபடி கட்டில். கோடுகளைப் பார்த்தபோது அவனுக்கு ஏதோ உறுத்தியது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் சும்மா இருந்த கணம் ஒன்றுகூட இல்லை. எழுந்துபோய் அளவு டேப்பை எடுத்துக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அளந்தான். ஒன்றரை அடி. பீரோவுக்கும் ஸ்டாண்டுக்கும் ஒன்றே கால். கனியின் கையை நீட்டச் சொல்லி, மார்பிலிருந்து விரல் நுனிவரை அளந்தான். அவள் ஏதோ விளையாட்டு என்று நினைத்து மறுகையையும் நீட்டினாள்.

இந்த அறையில் எட்டு வைப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்த காரணத்தையெல்லாம் அவனே ஒவ்வொன்றாக எடுத்திருந்தான்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு பயம் கலந்த சந்தோஷமும் வந்தது. இதுமட்டும்தான் காரணம் என்றால் எழும்பூரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். மகளைத் தூக்கி வாசலில் உட்காரவைத்துவிட்டு, கட்டிலை நிமிர்த்தி வெளியே இழுத்தான். டிவியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தான். டிரம்மை உருட்டினான். துணியோடு இருந்த பீரோவைத் தனியாக நகர்த்த முடியாமல் அடுத்த அறைப் பையன்கள் இருவரைக் கூப்பிட்டான். தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்த சுகப்பிரியா வாசலில் கிடந்த சாமானைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னாலேயே செல்லம்மாள் வந்தாள். ஒரு கம்பெனி கேன்டீனில் காய் வெட்டுகிற வேலை அவளுக்கு, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

"இன்னாப்பா வேலு, சொல்லாம கொள்ளாம வூட்ட காலி பண்றியா?"

"இல்லக்கா. பிள்ள நடக்கதுக்கு."

"நடக்கறதுக்கு பீரோவ ஏன்பா வெளிய தள்ற? ஏரிக்கரை மணல்ல குழி தோண்டி இடுப்பு வரிக்கும் ஒரு அர மணி நேரம் நிக்க வைன்னு அன்னிக்கே சொன்னேன். கேக்கல. படிச்ச புள்ளைங்க."

அவன் தாளைக் காட்டி விளக்கினான். செல்லம்மாள் தாளைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, "இது இன்னா கோலமா கீது" என்று திருப்பிக் கொடுத்தாள். ஆனால் போகவில்லை. என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று இடுப்பில் கையை வைத்து வாசலில் நின்றுகொண்டாள்.

காலியான அறை அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவர்கள் யாரும் நினைத்திருக்கவில்லை. வெறும் சிமெண்ட் தரை. கனியை நடுவில் நிறுத்தினான். கையை விட்டதும் பொத்தென்று உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கட்டில் எங்கே போயிற்று என்று அவள் யோசிப்பது நன்றாகத் தெரிந்தது. உதடு பிதுங்கியது, ஆனால் அழவில்லை. மண்டியிட்டுத் தவழ்ந்து நேராகச் சுவருக்குப் போய், இரண்டு கையையும் ஊன்றி எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். மூலை வந்தது, திரும்பினாள். அடுத்த மூலையிலும் திரும்பினாள். ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றைத் தொடங்கினாள்.

சுகப்பிரியா குடத்தை இறக்கி வைத்தாள்.

"கட்டில எடுத்துட்டீய. பீரோவ எடுத்துட்டீய. இந்தச் செவரு நாலையும் எங்க கொண்டு வைப்பீய?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். செல்லம்மாளும் சிரித்தாள், வேல்ராஜும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்த சுகப்பிரியா சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். செல்லம்மாள் நகர்ந்து போனாள்.

"நீங்க விரல வளைச்சு வளைச்சுப் பாக்கது எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சீய?" என்றாள் சுகப்பிரியா. "நானும்தான் எண்ணெ தேய்க்கையில ரெண்டு காலையும் சேத்து வச்சுப் பாக்கேன். தெனமும் பாக்கேன். ஒருநா ஒண்ணு நீளமாத் தெரியுது, மறுநா மத்தது நீளமாத் தெரியுது. தளவா அத்தானுக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சா?"

"தெரியல பிரியா. நான் அப்பப் பொறக்கவே இல்ல."

பெயர் வெளியே வந்துவிட்டதில் இருவருக்கும் மூச்சு கொஞ்சம் இலேசானது போலிருந்தது. கனி மூன்றாவது சுற்றில் இருந்தாள். அவள் கை போன இடமெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது. சுகப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள்.

"செவரே இல்லாத எடமா ஒண்ணு பாப்பமா?" என்றாள்.

சாமானையெல்லாம் செல்லம்மாள் பொறுப்பில் விட்டுவிட்டு மொபெட்டில் கிளம்பினார்கள். ஒரகடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக வரப்போகிற ஏதோ கம்பெனிக்காக நிலத்தை நிரவிப் போட்டிருந்தார்கள். மரத்தை வேரோடு எடுத்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, செம்மண் அடித்து, கண்ணுக்கெட்டும்வரை தட்டையாக்கியிருந்தார்கள். கேட் கிடையாது, வேலி இனிமேல்தான். ஒரு புல்டோசர் மட்டும் வெகுதூரத்தில் நின்றது. வேல்ராஜ் சுற்றிலும் பார்த்தான். பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இல்லை. இவ்வளவு பெரிய வெறும் இடத்தில் தங்கள் பிள்ளையை இறக்கிவிடப் போகிறோமே என்று ஒருகணம் தயங்கினான்.

சுகப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினாள். பத்தடி தள்ளி அவனும் குந்தினான். கனி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகப்பிரியா விரல் விரலாக அந்தப் பிடியை எடுத்துவிட்டு, குந்தினபடியே பின்னால் நகர்ந்தாள். கனி இடது கையை நீட்டினாள். ஒன்றும் இல்லை. வலது கையை நீட்டினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் பக்கத்தில் விரித்தபடி அப்படியே நின்றாள். முழங்கால் ஆடியது. வேல்ராஜ் இரண்டு கையையும் ஏந்தினான். எதிரே சுகப்பிரியாவும் ஏந்தினாள்.

"கனிம்மா, அப்பாட்ட வா."

"இங்க வாளா, அம்மாட்ட வா."

கனி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு இருவரையும் விட்டுவிட்டு நடுவில் திறந்து கிடந்த பக்கமாகத் திரும்பினாள். அங்கே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலைத் தூக்கினாள், தூக்கிய காலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் காற்றில் வைத்திருந்தாள், வைத்தாள். அடுத்ததை வைத்தாள். மூன்று, நாலு. தொப்பை முன்னால் போக, கால்கள் பின்னால் அவசரமாக வந்தன. ஐந்தாவதில் சாய்ந்தாள், விழவில்லை.

வேல்ராஜுக்குக் கண் மறைத்தது. எழுந்து அவள் முதலில் நின்ற இடத்துக்கு வந்தவன் அங்கேயே மண்டியிட்டான். இளகிய செம்மண்ணில் அவளுடைய அடி ஒவ்வொன்றும் அச்சாகப் பதிந்திருந்தது, ஐந்து விரலோடு. இடது, வலது, இடது, வலது. வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதோ? இடதைவிட வலது ஆழம் குறைவோ? எல்லாப் பிள்ளைக்கும் முதலில் இப்படித்தானா? தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து, சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே போனான்.

"அங்க மண்ணுல என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீய?" சுகப்பிரியாவின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "பிள்ள போறா பாருங்க! பிள்ள போறா!"

அவன் தலையைத் தூக்கினான். அந்தச் சிவப்புத் தரையில் கனி வெகுதூரம் போயிருந்தாள், கைகளை விரித்துக்கொண்டு, இன்னும் நிற்காமல். வேல்ராஜ் எழுந்தான். அந்தத் தடங்களில் ஒன்றையும் மிதித்துவிடாமல் ஓரமாக ஒதுங்கி ஓடத் தொடங்கினான்.