துணைக்கு வந்தவருக்கான ஊசி

சுகந்தி டாக்டர் ஆஸ்பத்திரியில் மரத்துப்போக வைக்கும் ஊசியைத் துணைக்கு வந்தவருக்குத்தான் போடுவார்கள். கர்ப்பப்பையிலிருந்து பரிசோதனைக்குச் சதை எடுக்கும்போது உள்ளே இருப்பவள் கத்துவாள். வெளியே பெஞ்சில் இருப்பவர் பாவம், அதைத் தாங்க வேண்டுமே. இளகிய மனசுக்காரருக்கு ஊசி, சுமாரானவருக்கு ஸ்பிரே, மாமியார் என்றால் காதோரம் கொஞ்சம் ஜெல் தடவினாலே போதும். படுத்திருப்பவளுக்கு, “கொஞ்சம் பொறுத்துக்கம்மா” என்று சொல்வார்கள். அதைத் தாராளமாகவே சொல்வார்கள்.

போன மாதம் தமயந்தி தன் கணவன் குழந்தைவேலோடு வந்திருந்தாள். அவனுக்கு ஊசி போட்டார்கள். உள்ளே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தபோது அவன் வெளியே போண்டா சாப்பிட்டான். கிளம்பும்போது, “ஊசி போட்ட கை கடுக்குது புள்ள, நீயே வண்டிய ஓட்டு” என்றான். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. எடுத்த சதை போதவில்லை என்று மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். இந்த முறை தனக்கு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். தனியாகவே போனாள்.

“துணைக்கு யாருங்க?” என்று கேட்டாள் நர்ஸ் எஸ்தர்.

“நானேதானுங்க.”

“சொந்தமா?”

“ரொம்ப நெருங்கின சொந்தமுங்க.”

எஸ்தர் தலையாட்டிவிட்டு ஊசியைப் போட்டாள். சுருக்கென்று குத்தியது. பிறகு நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை இதமாக மரத்துப்போனது. அப்பாடா என்றிருந்தது தமயந்திக்கு. மேசையில் ஏறப் போனாள்.

“துணைக்கு வந்தவங்க வெளிய உட்காரோணும். பேஷன்ட் மட்டும் படுங்க” என்றாள் எஸ்தர்.

ஆஸ்பத்திரி என்றால் ஒரு முறை உண்டல்லவா. தமயந்தி வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். தமயந்தி உள்ளே மேசையில் படுத்தாள். எஸ்தர் கதவைச் சாத்தினாள்.

சற்று நேரத்தில் உள்ளே இருந்தவள் கத்தினாள். தன் குரல்தான் என்று வெளியே இருந்தவளுக்குத் தெரிந்தது. காலை ஆட்டிக்கொண்டு டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்தாள். மறுபடி கத்தியபோது எரிச்சலாக வந்தது. ஊர் உலகத்தில் இல்லாத வலியா? போன மாதம் நாம் இப்படியா கூப்பாடு போட்டோம்? எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

“கொஞ்சம் பொறுத்துக்க, தமயந்தி” என்றாள்.

இருவரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒருத்தி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மற்றவள் கடைகளை வேடிக்கை பார்த்தாள். குழந்தைவேல் கதவைத் திறந்து இருவரையும் பார்த்தான்.

“யாருக்கு வலிக்கலை?”

“எனக்குத்தான்” என்றாள் வேடிக்கை பார்த்தவள்.

“அப்ப நீ உள்ள வா. தோசை மாவு இருக்குது.”

இன்னொருத்தி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போன தமயந்தி, கொசு வரும் என்று கதவைச் சாத்தினாள்.