பதினேழாவது சட்டை

அழுக்குச் சட்டையைத் தெருவில் தொங்கவிட இரண்டு வருடம் படிக்க வேண்டுமா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். படிக்கத்தான் வேண்டும். படித்தும் எனக்கு ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

குரோஷியாவின் துறைமுக நகரம் ரியெக்காவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர்களின் சட்டைகளைக் கண்காட்சியாக வைப்பதுதான் எங்கள் அருங்காட்சியகப் படிப்பின் இறுதித் தேர்வு. பழைய நகரத்துச் சந்து ஒன்றில் எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே கப்பி வைத்த துணிக்கொடிகள் உண்டு. அவற்றில் பத்தொன்பது சட்டைகள், கிரீஸும் வியர்வையும் அப்படியே இருக்க, தோய்க்காமல். யோசனை என்னுடையது. அந்தப் பெருமையில் கால் தரையில் படாமல் திரிந்தேன்.

பதினேழாவது சட்டையை அர்மீதா அம்மாவிடம் வாங்கினேன். எங்கள் மேட்டுத் தெருவில்தான் அவர் வீடு. கணவர் பியேரோ இறந்து பதினோரு வருடம். சட்டையின் மார்பில், பைக்குக் கீழே, கருப்பாக விரல் தடங்கள்.

"வெல்டிங் முடிச்சதும் கைய இங்கதான் துடைப்பாரு. எத்தன தடவ திட்டியிருப்பேன்! இப்ப தெனம் இதுமேல என் கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் படுக்கறேன். தோய்ச்சிடாதம்மா. வேற ஒண்ணும் கேக்கல."

"தோய்ப்போமா? அழுக்குக்காகத்தானே கேக்கறோம்!" என்றேன்.

இரவல் வாங்கும் பொருளுக்கு ஒரு படிவம் உண்டு. கறை, கிழிசல், பொத்தான் எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். படம் எடுக்க வேண்டும். பொருள் நேராகக் கல்லூரி அறைக்குப் போக வேண்டும். முதல் வாரப் பாடம் அது. நான் எழுதியது, 'நல்ல நிலை. சில கறைகள்.' மிச்சம் எட்டு வரி காலி. படத்தை நாளைக்கு எடுக்கலாம் என்று பையை வீட்டுச் சமையலறை நாற்காலியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் சட்டை இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

"மூணு தண்ணி அலசினேன். எப்படி வெளுத்திருக்கு பாரு," என்றாள் அம்மா.

"அம்மா, என்ன பண்ணிட்டே!"

"மத்தவங்க அழுக்கு எப்படியோ போகட்டும். நம்ம தெரு அர்மீதாவோட சட்டை அழுக்கா தொங்கினா அவளப் பத்தி நாலு பேரு என்ன பேசுவாங்க? பாவம், வயசான காலத்துல அவளால தோய்க்க முடியல."

சட்டையைப் பிடுங்கினேன். சட்டையில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசம் மட்டும்தான்.

வகுப்புத் தோழன் தோரியானிடம் மட்டும் சொன்னேன்.

"போய் உண்மையச் சொல்லிடு, நெவா."

"என்னன்னு சொல்ல? உங்க புருஷன் கைய எங்கம்மா சாக்கடையில ஊத்திட்டாங்கன்னா?"

"இன்னிக்குச் சொன்னா திட்டுவாங்க. அவ்வளவுதான்."

"நான் பாத்துக்கறேன். நீ வாய மூடு."

மெக்கானிக் கடையில் கழிவு எண்ணெய் வாங்கினேன். விரல்களை அதில் முக்கி, பைக்குக் கீழே அழுத்திக் கீழ்நோக்கி இழுத்தேன். ஈரம் போக மாவைத் தூவித் தட்டினேன். அச்சு அசலாக இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோரியான் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

யாருக்கும் எட்டாதபடி மூன்றாம் மாடிக் கொடியில் அதை மாட்டினேன். ஏன் அவ்வளவு உயரம் என்று பேராசிரியர் கேட்டார். பின்னால் வானம் தெரிய வேண்டும் என்றேன். நல்ல கண் உனக்கு என்று பாராட்டினார். செத்துப்போகலாம் போலிருந்தது.

ஆறு மணிக்குத் திறப்பு. அர்மீதா அம்மா உதட்டுச்சாயம் பூசி, நல்ல கோட்டுப் போட்டு வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"கண்ணுக்குச் சரியாத் தெரியலம்மா. கிட்டக்கப் பாக்கணும்."

"ரொம்ப உயரம்மா. மாடி ஏறணும். இழுத்தா கிழிஞ்சாலும் கிழிஞ்சிடும்."

"கொடி இழுக்கத் தெரியாதவளா நான்?"

படியேறிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். மூன்றாம் மாடி வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டார். கப்பி கீச்சிட்டது. சட்டை கொஞ்சம் கொஞ்சமாக எங்களை நோக்கி வந்தது. கயிறு அறுந்து விழட்டும் என்று வேண்டினேன். சனியன், அறுபடவில்லை.

அவர் குனிந்து மோந்து பார்த்தார். பழக்கப்பட்ட இடத்தில் கையை வைத்தார். முகம் மாறியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"நாலு இருக்கே," என்றார் மெதுவாக.

"அம்மா..."

"அவருக்கு வலது கையில சுண்டுவிரல் கிடையாது. தளத்துல பளு இழுக்கற வின்ச்சுல மாட்டிப் போயிடுச்சு. மூணு தடந்தான் இருக்கும்."

கீழே தெருவிலிருந்து என் அம்மாவின் குரல் கேட்டது. "அடி நெவா! நான் வெளுக்கத் தோய்ச்சுக் குடுத்த சட்டையில எவன்டி கைய வெச்சான்?"

கூட்டம் சிரித்தது. அர்மீதா அம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. என் வலது கையை எடுத்தார். நகக்கண்ணில் இன்னும் கருப்பு இருந்தது. அந்தக் கையைச் சட்டையின் மார்பில், தடங்களின் மேல், விரல் விரலாகப் பொருத்தினார்.

நான்கும் சரியாகப் பொருந்தின.