புகை திரும்பிய இடம்

அய்யப்பன் தன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசி அன்றோடு பதினோரு நாள். கணக்கைச் சொன்னது கொளஞ்சியம்மாள்தான். மெர்லின் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"வா பாப்பா. பதினோரு நாளாச்சு. மெசினோட பேசறான். மெசினுக்குள்ள இருக்கற எவன் எவனோடயோ பேசறான். என்னோட மட்டும் பேச மாட்டேங்கறான்."

மெர்லின் தலையை மட்டும் ஆட்டினாள். கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஏறி, கச்சிராயபாளையம் ரோட்டில் இறங்கி, கரும்புத் தோட்டத்து ஓரமாக ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்தவளுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. தெம்பு இருக்கிற நாளிலும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. இயற்பியலில் பி.எஸ்சி. முடித்த கையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஜோஸ்வா அண்ணன் கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கச் சேர்ந்தாள். இந்த வீட்டுக்கு இது மூன்றாவது நடை.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் அய்யப்பன் தன் கேமிங் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்தான். மெர்லின்தான் பிரித்துத் துடைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் கேம் அரை மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் திடீரென்று நொண்டும். கடைக்கு எடுத்துப் போய் ஆறு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி நொண்டுகிறது.

ஜோஸ்வா அண்ணன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அய்யப்பனிடம் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சாம்பிராணி போடற வூடாப்பா? அதான். புகை உள்ள போயி ஒட்டிக்கினு இருக்கும்."

அன்றைக்கு நின்றதுதான் தாயும் பிள்ளையும் பேச்சு.

அறையில் அய்யப்பன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மேட்ச். ஐந்து பேர் கொண்ட அணி. ஜெயித்தால் சென்னையில் அடுத்த சுற்று. மெர்லின் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கேம் ஓடும் வேகத்தைத் திரையின் மூலையில் காட்டும் எண்ணையே பார்த்தாள். நூற்று நாற்பது. நூற்று நாற்பத்திரண்டு. கண் சொருகியது.

முப்பத்தெட்டாவது நிமிஷம் எண் இருபத்திரண்டுக்கு விழுந்தது.

"செத்தேன்! பாத்தீங்களா மேடம்? நான் சொன்னா நம்பமாட்டீங்க." ஹெட்செட்டில் யாரோ சிரிப்பது வெளியே வரைக்கும் கேட்டது. "சிரிக்காதீங்கடா. ஞாயித்துக்கிழமை இப்புடி ஆச்சுன்னா அஞ்சு பேரும்தான் வூட்டுக்குப் போவணும்."

பிராசசர் தொண்ணூற்றொன்பது டிகிரி. அந்தச் சூட்டில் அது தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். சூடு வெளியேறவில்லை. கடையில் மட்டும் எப்படி வெளியேறியது? மெர்லின் பக்கவாட்டுக் கண்ணாடி மூடியைப் பார்த்தாள். கடையில் எந்தக் கம்ப்யூட்டரையும் மூடியைத் திறந்து போட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். ஜோஸ்வா அண்ணன் அப்படித்தான் பழக்கியிருந்தார். மூடி வைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்படியானால் மூடிக்குள் காற்றுதான் சரியாக ஓடவில்லை. காற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

"ஆன்ட்டி, ஊதுவத்தி இருக்குங்களா?"

கொளஞ்சியம்மாள் மகனைப் பார்த்தாள். "வேணாம் பாப்பா. எல்லாத்தையும் மாட்டுக் கொட்டாய்ல கொண்டுபோய் வெச்சிட்டேன். வெள்ளிக்கெழம சாம்பிராணி இப்ப மாட்டுக்குத்தான். அதுங்க கேம் ஆடறதில்ல பாரு."

"புகையா?" என்றான் அய்யப்பன். "வெளையாடறீங்களா மேடம்?"

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் மெர்லின், தரையைப் பார்த்து.

ஊதுவத்தி வந்தது. முன்பக்க வலையருகே பிடித்தாள். புகை உள்ளே போவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நேராகப் போய், பிராசசர் மேலிருக்கும் ஃபேனைத் தாண்டி, பின்பக்கமாக வெளியேற வேண்டும். அது ஃபேன் வரைக்கும் போனது. அங்கே முட்டித் திரும்பி, மேலே சுருண்டு நின்றது.

போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். ஃபேன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்பக்க ஃபேன் காற்றை வெளியே இழுக்க, இது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கடையில் இதைத் துடைத்து மாட்டிய சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. கரண்ட் போய் வந்த நேரம், வாசலில் கடைசி ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார், ஃபேனைப் பிடிக்கும் கம்பிக் கொக்கியைப் போட்டதும் எழுந்து ஓடியது.

வெளியே போய்க் கடைக்குப் போன் செய்தாள். மக்காச்சோளம் காயும் களத்துக்கு அப்பால் கல்வராயன் மலை வெயிலில் வெளிறிக் கிடந்தது.

"திருப்பி மாட்டிட்டு வந்துடு" என்றார் ஜோஸ்வா. "புகைன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நம்ம கைத்தப்புன்னு வெளிய போச்சுன்னா எவன் மெசின் கொண்டாருவான்? அப்பறம் நீயும் வேற கடை பாத்துக்க வேண்டியதுதான், சொல்லிட்டேன்."

"சரிங்கண்ணா."

இரண்டு கொக்கி. நாலு நிமிஷ வேலை. மூடியைப் பூட்டினாள். அய்யப்பன் ஒரு மணி நேரம் ஆடினான். எண் நூற்று முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவேயில்லை.

"டேய், சரியாயிடுச்சுடா!" என்று மைக்கில் கத்தினான். அதே குரலில் சமையற்கட்டைப் பார்த்து, "யம்மா! கேட்டுக்க. புகையத் தொடச்சதும் எப்புடி ஓடுது பாரு. இனிமே சாம்பிராணி வூட்டுக்குள்ள வந்துது, அவ்ளோதான்."

பதினோரு நாளைக்குப் பிறகு வந்த முதல் 'யம்மா'. கொளஞ்சியம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "வராதுப்பா. வரவே வராது. சோறு போடட்டுமா?"

மெர்லின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வேலி வரைக்கும் கொளஞ்சியம்மாள் பின்னாலேயே வந்து, மரவள்ளிக்கிழங்கு கட்டிய பை ஒன்றை அவள் கையில் திணித்தாள்.

"நல்லாருப்ப பாப்பா. என் தப்புதான். வாக்கப்பட்டு வந்த நாளா வெள்ளிக்கெழம போட்டுக்கினு இருக்கேன். மெசினுக்கு ஆவாதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நானே என் புள்ள பொழப்பக் கெடுக்கப் பாத்தேன்."

கிழங்கு கனத்தது. ரோட்டில் ஷேர் ஆட்டோ சத்தம் கேட்டது. இதை விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து.

மெர்லின் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. அறைக்குள் போய் அய்யப்பன் தோளைத் தொட்டாள். அவன் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினான். மைக் அணையவில்லை, அந்தப் பக்கம் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மேடம், எதுனா வுட்டுட்டீங்களா?"

அவளுக்குத் தன் குரலே சத்தமாகக் கேட்டது.

"புகை இல்லைங்க. உங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. கடையில ஃபேனைத் தலைகீழா மாட்டினது நான்தான்."