பூவம்மாள் அமுக்கிய விளம்பரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த ஒரு தப்பான பாராட்டிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் ஒரு செயலிக்கு இணையத்தில் விளம்பரம் போடுவது என் வேலை. யார் அமுக்கினாலும், அமுக்கும் ஒவ்வொரு முறைக்கும் கம்பெனி காசு கட்ட வேண்டும். அமுக்குகிறவர்கள் சும்மா எட்டிப்பார்த்துப் போகாமல் உள்ளே வந்து கணக்குத் தொடங்கும்படி செய்யத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திருநின்றவூரில் இரண்டாவது மாடியில் எபினேசர் என்ற இளைஞன் தனியாக...’

நிறுத்திவிட்டேன். எபினேசர் நான்தான். இளைஞன் இல்லை, வயது முப்பத்தெட்டு. தனியாக என்பது மட்டும் சரி. வேலை முழுக்க வீட்டிலிருந்தே. தண்ணீர் கேன் போடுகிறவரிடம் செவ்வாய்க்கிழமை பேசினால், மறுபடி வாய் திறக்க வெள்ளிக்கிழமை ஆகிவிடும்.

2

ஆறு விளம்பரங்கள் போட்டேன். ஐந்தை யாரும் சீண்டவில்லை. ஆறாவதில், படம் போட அனுமதி தந்திருந்த ஒரு வாடிக்கையாளரின் முகத்தை வைத்தேன். தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் ஏதோ இரும்பு ஆலையின் கேட், வாய் நிறையச் சிரிப்பு. கீழே, ‘நான் ஆரம்பிச்சிட்டேன். நீங்க?’

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அது பிய்த்துக்கொண்டு போனது. மேலாளர் கிறிஸ்டினா கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். வேலையை நிரந்தரமாக்கப் பேசுவதாகவும் சொன்னார்.

பிறகுதான் விவரங்களைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே போனிலிருந்து வந்திருந்தது. அமுக்கினால் பெயரும் எண்ணும் கேட்கும் ஒரு கட்டம் வரும். அதில் ஒவ்வொரு முறையும் பூவம்மாள், பூவம்மாள், பூவம்மாள்.

(பெரிய இணையதளத்தில் விளம்பரம் போட்டிருந்தால் ஒரே ஆள் இப்படி அமுக்குவதை அவர்களே கணக்கிலிருந்து கழித்திருப்பார்கள். நாங்கள் போட்டது மலிவான தளம்.)

போட்டிக் கம்பெனியின் வேலையாக இருக்கும், அந்தப் போனுக்கு விளம்பரம் போகாமல் தடுத்துவிடு என்றார் கிறிஸ்டினா. தடுப்பதற்கு முன் நான் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். கடமை உணர்ச்சியால் என்று எழுதி அடித்துவிட்டேன். பேச ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

3

எடுத்தவர் ஒரு ரசாயன ஆலையில் பெருக்கும் வேலை செய்கிற அம்மா. விளம்பரத்தில் இருப்பது அவர் மகன் அன்புசெல்வன். முதன்முதலில் லாபம் வந்த வாரம் எடுத்த படம் அது. பிறகு செயலியில் போட்ட பணமெல்லாம் போய், அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசி எங்கேயோ போய்விட்டான். எட்டு மாதமாக அவன் போன் அணைந்து கிடக்கிறது.

(முதல் வரைவில் அவனைச் சாகடித்திருந்தேன். செத்துவிட்டான் என்றால் கதை சுலபமாகிவிடுகிறது. அவன் சாகவில்லை. எங்கேயோ இருக்கிறான்.)

படம் வருவதால் மகன் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பூவம்மாள் நினைத்திருக்கிறார்.

“எம் பேர எழுதிக்கினே இருந்தா ஒரு நாளு அவன் பாப்பான்ல?” என்றார்.

அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். சொல்லவில்லை.

“நீ அவங்கூடத்தான் வேல செய்றியா நைனா?”

“ஆமாம்மா.”

“சாப்புடறானா?”

“சாப்பிடறான்மா.”

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று விளக்க ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அன்று மாலையே அவர் போனுக்கு விளம்பரம் போவதைத் தடுத்தேன். அந்த மாதமே வேலை நிரந்தரமானது.

4

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். “படம் வர்றதில்லியே. அவன் வேலய உட்டு நின்னுட்டானா?”

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன். பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறிப் போனேன். பெட்டி காலியாக இருந்தது. வழியெல்லாம் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: பொய்யைத் தொடர்வது. முடிவு இரண்டு: உண்மையைச் சொல்ல, அந்த அம்மா அழுது என்னை மன்னிப்பது. (யாருக்காக?) முடிவு மூன்று: நான் போய்ச் சேரும்போது மகன் வாசலில் நிற்பது. மூன்றாவதை எழுதக் கை துடித்தது.

நடந்தது இது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பூவம்மாள் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு துணிப்பையை என் கையில் திணித்தார். இரண்டு சட்டை, காகிதத்தில் சுற்றிய கருவாடு, ஒரு தலைவலித் தைலம். அவனிடம் கொடுத்துவிடச் சொன்னார். வெயில்ல வேலை செய்தா அவனுக்குத் தலை வலிக்கும் என்றார்.

பை கனக்கவில்லை. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவனை நான் பார்த்ததே இல்லை, படத்தைப் போட்டவன் நான், நிறுத்தியவனும் நான்.

பூவம்மாள் அழவில்லை. பையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப நீ யாரு?” என்றார்.

5

அன்புசெல்வன் இன்றுவரை வரவில்லை. அந்தக் கேள்விக்கு நான் ஏதோ சொன்னேன். அதை நான்கு விதமாக எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். அவர் கோபத்தில் கேட்டாரா, உள்ளே வந்து உட்காரச் சொல்வதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்பதுகூட எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீங்கள் கொஞ்சம் அந்த வாசலில் நில்லுங்கள். பை உங்கள் கையில் இருக்கிறது. அந்த அம்மா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.