சாயங்கால ஜீப்

ஒச்சாண்டிக்கு நெஞ்சுவலி வந்து போனதிலிருந்து அவர் மனைவி பூமாரி மலைமேல்தான் இருக்கிறாள். வீடு ஓட வேண்டுமே! கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை. கீழே கோம்பை வீட்டில் இவர் தனியாள். அதே தோட்டத்தில் வாட்ச்மேன் வேலை இவருக்காகக் காத்திருந்தது. டாக்டர் சரியென்று சொல்லிவிட்டால் போதும், அவளோடு போய் இருந்துகொள்ளலாம்.

அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷர் பட்ட பாடு இருக்கிறதே! கொழுப்பென்றாலே எமன் என்று கடலையைத் தொடவில்லை, மீனைத் தொடவில்லை. குண்டான் சோறும் ரசமும்தான். நெஞ்சு அதிர்ந்துவிடக் கூடாதென்று கட்டிலைவிட்டும் இறங்கவில்லை. பீடியை மட்டும் விடவில்லை. அதில் ஏது கொழுப்பு?

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் அபிதா உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திரையில கெட்ட கொழுப்பு கொறஞ்சிருக்கு. ஆனா நல்லது பத்தலையே ஐயா."

"கொழுப்புல நல்லது வேறயா தாயி?"

"காலையில ஜீப்பு ஆளுகள ஏத்திட்டுப் போயி தோட்டத்துல எறக்கி விடுதுல்ல? சாயங்காலம் கூட்டிட்டு வர ஜீப்பு இல்லாட்டி? ரத்தக்குழாயில கொழுப்ப எறக்குறது கெட்டது. மிஞ்சுனத ஏத்திக்கிட்டு ஈரலுக்குத் திரும்புறது நல்லது."

"போன ஜீப்பு திரும்பாட்டி கஷ்டந்தான்," என்றார் ஒச்சாண்டி.

"பீடிய விடுங்க. தெனமும் மெதுவா நடங்க. கடலை, மீனு அளவாச் சாப்பிடுங்க. மாத்திரைய நிறுத்திறாதீக. மலைக்கு இப்ப வேணாம். மூணு மாசம் கழிச்சு எல்லாத்தையும் சேத்துப் பாத்துத்தான் சொல்லுவேன்."

வீட்டுக்கு வந்ததும் பூமாரி போனில் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாக மாமா?"

"எனக்குக் கொழுப்பு பத்தலையாம்."

"ஒங்களுக்கா? அந்தம்மா ஒங்க வாயத் தெறந்து பாக்கலையாக்கும்!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இந்தத் தடவ வரமாட்டீக."

"நடந்து சரிபண்ணிட்டு வாரேன் ஆத்தா."

அன்று சாயங்காலமே நடந்தார். கால் தானாக ஜீப் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டது. மலையிலிருந்து வந்து நின்ற ஜீப்பிலிருந்து டிரைவர் தங்கப்பாண்டி எட்டிப் பார்த்தான்.

"பெரியம்மா இதுல வரலையே பெரியப்பா!"

"தெரியும்லே. நடக்க வந்தேன்."

சொன்னாரே தவிர, இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பெண்கள் கடந்து போகையில் சேலையிலிருந்து ஏலக்காய் மணந்தது. பூமாரி வந்தாலும் வீடே இப்படித்தான் மணக்கும்.

பழக்கத்தில் மடியிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்தார். பற்றவைத்தால் அந்த வாசம் போய்விடுமே என்று தோன்றியது. எடுத்துக் கீழே போட்டுவிட்டு நின்றார்.