சிவப்புக் காருக்கு ஜெபம்

2024 ஏப்ரல் 29, திங்கட்கிழமை காலை, பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் பத்தமடைப் பேருந்தில் உட்கார்ந்திருந்த எழுபத்தொன்பது வயது தேவதாசனை நடத்துநர் கைபிடித்து இறக்கிவிட்டார். அவர் மடியில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. தூக்கில் ஒன்றும் இல்லை.

பத்தமடையில் ஒரு பள்ளிக்கு அவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் பல காலைகளில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். அன்று மாலையே அவர் மகள் ஃபெபி கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

ஃபெபிக்கு நாற்பத்து மூன்று வயது. பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. மற்ற மாதங்களில் பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டுச் சாரம்மாள், விடுமுறைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பூட்டிய வீட்டுக்குள் அப்பாவும் மகளும் மட்டுமே இருந்தார்கள்.

கொடைக்கானலில் ஓர் உறைவிடப் பள்ளி ஃபெபியைத் துணை முதல்வராகத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜூன் முதல் வாரத்தில் சேர வேண்டும். அந்தக் குளிர் அப்பாவுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சபை நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருந்தது. ஆனால் அங்கே சேர்க்கப் பிள்ளைகள் சொன்னால் மட்டும் போதாது. சபையார் ஐயர் என்று அழைக்கும் போதகர் வீட்டுக்கு வந்து பார்த்து, இவரை வீட்டில் வைத்துக் காப்பது கடினம் என்று சொல்ல வேண்டும். மே கடைசியில் வருவதாகப் போதகர் சொல்லியிருந்தார்.

மெல்போர்னில் இருக்கும் தம்பி எபி வீடியோவில் எல்லாவற்றையும் கேட்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஐயர் வந்து பாக்கட்டும்க்கா. அவங்க சொன்னா சரிதான். அதுவரைக்கும் மண்டையப் போட்டு ஒடச்சிக்காத. பரண்ல என் கார் டப்பா கெடக்கும், எடுத்துப் பாரு. இங்கன லீவு நாள்ல நான் இதத்தான் செய்யுதேன். மனசு லேசாயிரும்."

"நீ லேசாத்தான் இருக்க" என்றாள் ஃபெபி.

ஆனாலும் மறுநாள் பரணில் ஏறினாள். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த பிளாஸ்டிக் பீட்டில் கார் அது. பாகங்களாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு வயதில் எபி பசையை அள்ளிப் பூசி, பாதியில் விட்டிருந்தான். முன் கண்ணாடி பசையின் புகையேறி வெளுத்திருந்தது. அச்சு முறிந்திருந்தது. ஒரு சக்கரத்தைக் காணவில்லை.

பழைய பசையைப் பிரிக்க, காரை நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஃப்ரீஸரில் வைத்தாள். குளிரில் பசை நொறுங்கிக் கழன்றது. மருந்துக் கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்ததும் எபியின் பெயின்ட் தோலாக உரிந்தது. கண்ணாடியைப் பற்பசை தொட்டுத் தேய்த்தாள்.

தேவதாசன் கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து மேசையருகே நின்றார்.

"யாரு வண்டிட்டி?"

"எபி காருப்பா."

"கார் வாங்கிட்டானா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லணும்னு தோணலபோல."

அவர் குனிந்து பார்த்தார். "டயர் மூணுதான இருக்கு. நல்லா ஏமாத்தியிருக்கானுவ."

ஒரு கிண்ணம் தண்ணீரும் உப்புத்தாள் துண்டும் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து காரின் கூரையைத் தேய்த்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் எழுந்தார். அடுத்த நாள் எழுந்ததும் கேட்டுக்குப் போகாமல் நேராக மேசைக்கு வந்தார். இருக்கும் சக்கரம் ஒன்றைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, அதில் குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீலைத் திணித்து நான்காவது சக்கரம் செய்தாள் ஃபெபி. அது காயும்வரை அவர் ஈ விரட்டினார். இரவில் நன்றாகத் தூங்கினார். அவளும் தூங்கினாள்.

ஒருநாள் அவர் கார்க் கதவின் விளிம்பில் நகத்தை நுழைத்து நெம்பிக்கொண்டிருந்தார்.

"தெறக்க மாட்டேங்குதே."

"அது தெறக்காதுப்பா. கதவு மாதிரி கோடு மட்டும் போட்டிருக்கான்."

"பெறவு உள்ள இருக்கவன் எப்படி வெளிய வாரது?"

ஃபெபி உப்புத்தாளை நனைத்து அவர் கையில் கொடுத்தாள்.

போதகர் வந்த அன்று காலைதான் காருக்குக் கடைசிப் பூச்சுச் சிவப்பு அடித்திருந்தாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள். போதகர் செருப்பைக் கழற்றுவதற்குள், தேவதாசன் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"தோத்திரம் ஐயா. வண்டிக்கு ஜெபம் பண்ணத்தான வந்திய?"

அவர்கள் சபையில் யார் புது வண்டி வாங்கினாலும், போதகர் வந்து வண்டிமேல் கைவைத்து ஜெபித்த பிறகுதான் தெருவில் ஓட்டுவார்கள். போதகர் மேசைமேல் இருந்த காரைப் பார்த்தார். பிறகு ஃபெபியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"அப்பா இத நெசக் காருன்னு நெனச்சிருக்காவ ஐயா" என்றாள்.

"தெரியுதும்மா. சந்தோஷமா இருக்காங்களே. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுறாங்கன்னு சொன்னீங்களே, இப்பவும் போறாங்களா?"

மேசையில் காருக்கு அந்தப் பக்கம் இருந்த வேதாகமத்தின் மேல் ஃபெபியின் கண் போனது.

"இல்ல. இத ஆரம்பிச்ச பெறவு போகல."

"ராத்திரி தூங்குறாங்களா?"

"தூங்குதாவ. ஆனா இப்ப லீவு ஐயா. நான் பகல் பூரா கூடவே இருக்கேன். அதனாலதான்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் போதகர். "நீங்க கூட இருக்கிறதுதான் அவங்களுக்கு மருந்து. அந்த இல்லத்துல யாரு இப்படிப் பக்கத்துல உக்காந்து கார் செய்வா?"

"எனக்குக் கொடைக்கானல்ல..." என்று அவள் தொடங்கும்போதே தேவதாசன் கண்ணை மூடி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். போதகரும் கண்ணை மூடினார். காரின் கூரைமேல் இரண்டு விரல்களை வைத்தார்.

"ஆண்டவரே, இந்த வாகனத்துக்காக உமக்கு நன்றி. வெளியே தேடிய சமாதானத்தை இந்த வீட்டுக்குள்ளேயே தந்தீரே, அதற்காக நன்றி. உம்முடைய மகள் தன் தகப்பனை விட்டுப் போகாமல் அவரோடு இருக்க மனதைத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார் தேவதாசன் சத்தமாக. காலை ஜெபத்தில் வாய் திறக்காத பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது போல ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"ஆமென் சொல்லுட்டி."

"ஆமென்" என்றாள் ஃபெபி.

போதகர் காபி குடித்துவிட்டுப் போனார். அவள் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தாள். பெயின்ட் முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. கூரையில் இரண்டு விரல்களின் தடம் இருந்தது.

மறுநாள் எபி கூப்பிட்டான். "ஐயர் பேசினாங்கக்கா. அப்பா ரொம்ப நல்லாருக்காங்களாமே! நான் அப்பவே சொன்னேன்லா?"

"சொன்ன."

"இன்னொரு டப்பா அனுப்புதேன். இந்தத் தடவ லாரி. நெறையப் பார்ட்ஸ் இருக்கும், ரொம்ப நாளைக்கு வரும்."

"நீ வந்து செஞ்சு குடேன்."

"எனக்கு ஏதுக்கா லீவு?" என்று சிரித்தான்.

கூரையை மறுபடி தேய்த்துச் சிவப்பு அடித்தாள். நான்காவது சக்கரத்தையும் மாட்டினாள். கார் ஷோகேஸுக்குள் போனது.

ஃபெபி போய்ச் சேராததால் கொடைக்கானல் பள்ளி, தேர்வில் அடுத்து இருந்தவரை எடுத்துக்கொண்டது. ஜூன் 10 அன்று பெண்கள் பள்ளி திறந்து ஃபெபி பழைய வேலைக்கே போனாள். பகலில் சாரம்மாள் வந்திருந்தாள். பதினொரு மணியளவில் தேவதாசன் தூக்குச் சட்டியோடு வாசலுக்குப் போய்க் கேட்டை ஆட்டினார். கேட் பூட்டியிருந்தது.