மேலே திறக்கிற வண்டி

அக்காவை எந்த வண்டியில் ஏற்றுவது என்று கூரைக்காரன் நாள்கணக்கில் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தான். கார்களுக்குத் துணிக்கூரை தைத்து ஒட்டுவது அவன் வேலை. பட்டறையில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அக்காவுக்குத் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. கால் மடங்கக் கூடாது, கட்டு நனையக் கூடாது. நகரத்தின் மறுகோடியில் அவள் மகள் பிள்ளை பெற்று, வயிற்றுத் தையலோடு கிடக்கிறாள். அவளும் வர முடியாது. பேத்தியின் முகத்தை அக்கா இன்னும் பார்க்கவில்லை.

"ஆம்புலன்ஸ் சொல்லட்டுமாக்கா?"

"அது வாசல்ல வந்து நின்னா பச்சை உடம்புக்காரி பதறிடுவாடா. நான் செத்தப்புறம் அதுல ஏத்திக்கோ."

அந்தச் சமயத்தில்தான் அந்த வண்டி பட்டறைக்கு வந்தது. ஜீப் மாதிரி உயரம், பெரிய சக்கரங்கள், அகன்ற இடுப்பு. ஆனால் தலைக்கு மேல் தகரமில்லை, துணி. பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். நாலு பேர் உட்காரலாம், கதவு மட்டும் இரண்டே. "ஜீப்பா காரான்னு அதுக்கே தெரியாது போல" என்று பட்டறையில் சிரித்தார்கள். கூரைக்காரன் சிரிக்கவில்லை. மேலே திறக்கிற வண்டியில் ஆளை மேலேயிருந்தே இறக்கலாமே என்று அவன் புத்தி போயிற்று.

புதுத் துணி ஒட்டி முடித்ததும் முதலாளியிடம் தலையைச் சொறிந்தான். அவர் வண்டிக்காரரிடம் போனில் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எப்படியும் ஓட்டிப் பார்க்கணும். உங்க அக்காவையே வச்சு ஓட்டிப் பாரு."

அக்கா வீட்டு வாசலில் உயரமான படிமேடை. வண்டியை அதை உரசுகிற மாதிரி நிறுத்தி, கூரையைத் திறந்து, மேடைக்கும் வண்டிக்கும் நடுவே பலகை போட்டான். பக்கத்து வீட்டு மூட்டைக்காரர் தோளைப் பிடிக்க, இவன் காலைப் பிடிக்க, அக்கா பலகையில் சறுக்கிப் பின்சீட்டில் இறங்கினாள். சீட்டின் நீளத்துக்குக் கால் சுகமாக நீண்டது.

"மூட்டைய இறக்குற மாதிரியே இறக்கிட்டீங்க."

"மூட்டை வாய் பேசாதும்மா" என்றார் மூட்டைக்காரர்.

அவள் பிடித்து நடக்கும் கம்பிச்சட்டத்தை டிக்கியில் திணித்துவிட்டுக் கிளம்பினான். காற்று முகத்தில் அடிக்க, அக்கா தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. ஓரமாக நிறுத்திப் பொத்தானை அழுத்தினான். பின்மூடி ஒரு சாண் எழும்பி, அப்படியே நின்றுவிட்டது.

கூரைத் துணி அவன் பாடு; டிக்கியும் மோட்டாரும் பட்டறை எலக்ட்ரீசியன் பாடு. சட்டையைக் கழற்றிக் கட்டின்மேல் போர்த்திவிட்டு அவனுக்குப் போன் போட்டான்.

"டிக்கில என்ன வச்சிருக்க?"

"அக்காவோட கம்பி."

"அதுக்கு வேற இடமே கிடைக்கலையா உனக்கு? உள்ள கூரைக்கு இடம் விடுற தடுப்பு ஒண்ணு இருக்கும், அது நகர்ந்திருக்கும். கம்பியை எடு, தடுப்பை மாட்டு. மாட்டலைன்னா கூரை ஜென்மத்துக்கும் அசையாது. துணி மட்டும் பார்த்தா போதுமாடா?"

கம்பி முன்சீட்டுக்கு வந்தது. தடுப்பு 'டக்' என்று உட்கார்ந்தது. கூரை மெதுவாக எழுந்து வந்து மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஒழுகுதாக்கா?"

"இல்ல. கட்டும் நனையல. ஓட்டு."

மகள் வீட்டு வாசலில் நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. அக்காவை இறக்கக் கூரையைத் திறக்க வேண்டும். திறந்தால் கட்டு நனையும். முன்சீட்டைச் சாய்த்துக் கதவு வழியே இறக்கலாமென்றால், நீட்டிய கால் அந்தச் சந்தில் திரும்பாது. அவனுக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"வாசல்வரைக்கும் வந்தாச்சுல்ல" என்றாள் அக்கா, யாருக்கோ ஆறுதல் சொல்வதுபோல.

வீட்டுக் கதவு திறந்தது. மருமகன் குடை பிடிக்க, துணியில் பொதிந்த குழந்தையோடு மகள் சுவரோரமாக நடந்து வந்தாள்.

"நீ இறங்காதம்மா. நாங்க வர்றோம்."

"தையல் பிரிஞ்சிடப் போகுதுடி. குனியாத."

குனிய வேண்டியிருக்கவில்லை. கூரைக்காரன் கம்பியை எடுத்துவிட்டு நீளக் கதவை விரியத் திறந்தான். முன்சீட்டு மகளின் இடுப்பு உயரத்துக்கே இருந்தது. பின்பக்கமாகச் சாய்ந்தாள், உட்கார்ந்தாயிற்று. குழந்தை சீட்டுக்கு மேலாகப் பாட்டியின் கைக்குப் போனது. அக்கா துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். பிறகு பிஞ்சுக் காலைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி முகத்தை.

"கதவைச் சாத்துடா, சாரல் அடிக்குது" என்றாள் தம்பியிடம்.

அவன் சாத்திவிட்டு மருமகனோடு வாசல் கூரைக்கடியில் ஒதுங்கினான். வெகுநேரம் கழித்து மழை விட்டது.

"மாமா, இப்பத் திறந்து அத்தைய இறக்கிடலாமே" என்றான் மருமகன்.

கூரைக்காரன் போய்க் கண்ணாடியைத் தட்டினான். மகள் பாதி இறக்கினாள். அக்கா தலைநிமிராமலே கையால் தடுத்தாள்.

"இப்பதான் தூங்குது. உன் கூரை சத்தம் போடும்."

அவன் ஈரப் படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.